வீட்டுப் பரிசோதனை: எதிர்பார்க்க வேண்டியவை

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

கேரளத்தில் ஒரு வீட்டைக் கிரயம் செய்து வாங்குபவர் அதன் மதிப்பில் நூற்றுக்கு 8 வீதம் முத்திரைத் தீர்வையாகவும், 2 வீதம் பதிவுக் கட்டணமாகவும் செலுத்துகிறார். இவை தவிர, தரகருக்கு ஒரு தொகை, பத்திரம் எழுதுபவருக்கு ஒரு தொகை, வங்கிக் கடன் பெற்றால் அதற்கான கட்டணங்கள் ஆகியவையும் உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு ஆகும் செலவைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு செலவுகளுக்கு இடையே, வாங்கப்போகும் கட்டிடம் உறுதியானதுதானா என்பதைத் தகுதியுள்ள ஒருவரை அழைத்துப் பார்க்கச் செய்வதற்கு மட்டும் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கில் இடம் இருப்பதில்லை. சமையலறைக்குப் பத்து ரூபாய்ப் பானை வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்கிய சமூகம், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கும்போது சுவரைத் தட்டிப் பார்க்கத் தயங்குகிறது.

இத்தயக்கத்திற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் பழைய மோட்டார் கார்களின் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தம் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாப் பொருளையும் குறையுள்ளதாகவே கருதி விலையைக் குறைத்துக் கேட்கிறார். நல்ல பொருளை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் ஒதுங்கிவிடுகிறார். முடிவில் சந்தையில் மிஞ்சுவது மட்டமான பொருளே. இக்கருத்துக்காக அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழைய காரைக் காட்டிலும் பழைய வீட்டிற்கே இவ்விதி அதிகம் பொருந்தும் எனலாம். காரை ஓட்டிப் பார்க்க முடியும். வீட்டில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்த்த பின் விலை பேச எவரும் இசைவதில்லை.

சட்டம் இதில் ஓரளவுக்கே துணை நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்திருந்து வாங்குபவருக்குத் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் சாதாரண கவனத்தோடு பார்த்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு இக்கடமை இல்லை. இந்தச் ‘சாதாரண கவனம்’ என்னும் சொற்கள் மிகவும் கனமானவை. சுவரில் தெரிந்த விரிசலைப் பார்க்காமல் வாங்கியவர் பின்னர் நீதிமன்றத்தில் முறையிட வழி குறுகிவிடும். புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை எதுவும் சுட்டிக்காட்டப்பட்டால், கட்டியவர் 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே அதைச் சரிசெய்ய வேண்டும். தனி மனிதரிடமிருந்து பழைய வீட்டை வாங்குபவருக்கு இத்தகைய உரிமை இல்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுப் பரிசோதகர்களின் சங்கம் 1976-இல் தோன்றி, இன்று அங்கே பரிசோதனை இல்லாமல் வீடு கைமாறுவது குறைவு. இந்தியாவில் வீட்டுப் பரிசோதகர் என்னும் தொழிலுக்கென்று தனிச் சட்டமோ உரிமமோ இல்லை. பெருநகரங்களில் சில தனியார் நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. மற்ற இடங்களில் அனுபவமுள்ள சிவில் பொறியாளர் ஒருவரையும், கூடவே ஒரு மூத்த கொத்தனாரையும் அழைத்துச் செல்வதே நடைமுறைக்கு உகந்தது. விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்யும் பொறியாளர் எவ்வளவு நல்லவராயினும் இதற்கு ஏற்றவர் அல்லர்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டதால் வேறு பரிசோதனை தேவையில்லை என்று பலர் கருதுகின்றனர். இது தவறான எண்ணம். கடன் திரும்பாவிட்டால் வீட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்பதே மதிப்பீட்டாளரின் கேள்வி. மனையின் விலையே பெரும்பங்காக இருக்கும் நகரத்தில், மேலே உள்ள கட்டிடம் ஒழுகினாலும் வங்கியின் பணத்துக்கு ஆபத்தில்லை. ஒழுகும் வீட்டில் குடியிருக்கப்போவது கடன் வாங்கியவர்தாம்.

பரிசோதகர் எதைப் பார்ப்பார்?

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான நகரம். ஆகவே பரிசோதனை வீட்டிற்குள் தொடங்காமல் தெருவில் தொடங்க வேண்டும். மனை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்ததா தாழ்ந்ததா, மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பன முதலில் கவனிக்க வேண்டியவை. 2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவில் கொட்டிய மழையில் கௌரீசபட்டம் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தெற்றியாறு கரை மீறி டெக்னோபார்க் அருகே சூழ்ந்தது. நீர் நின்ற உயரத்தை வெளிச்சுவரின் அடிப்பகுதியில் உள்ள கறையும், புதிதாக அடித்த வர்ணமும் காட்டிக் கொடுக்கும். சரிவில் அமைந்த மனையானால் தாங்குசுவரைப் பார்க்க வேண்டும். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அச்சுவர் விழுந்தால் மேலுள்ள வீட்டுக்கும் கீழுள்ள வீட்டுக்கும் கேடு.

அடுத்து விரிசல்கள். எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் வலைபோல் பரவியிருக்கும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் சாந்து காய்ந்து சுருங்கியதால் ஏற்படுபவை. மேல்தளமும் சுவரும் சேரும் இடத்தில் கிடையாக ஓடும் விரிசல் வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு போல் ஏறிச் செல்லும் விரிசலே அச்சத்துக்குரியது. அது அஸ்திவாரத்தின் ஒரு பகுதி தாழ்ந்திருப்பதன் அறிகுறியாகலாம். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி வைத்து, சில வாரங்களில் அது உடைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. செலவில்லாதது, இன்றும் நம்பத்தக்கது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் கட்டிட விரிசல்களின் காரணங்களையும் தடுப்பு முறைகளையும் பற்றி 1984-இலேயே ஒரு கையேடு வெளியிட்டுள்ளது. மாணவர்கள் அதைப் படிப்பது நலம்.

சங்குமுகம், வலியதுறை போன்ற கடலோரப் பகுதிகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் நிலையே தலையாய கேள்வி. உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, அது தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. இதனால்தான் ஐ.எஸ். 456 என்னும் தர விதி (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு), லேசான சூழலில் கம்பியின் மேல் 20 மி.மீ. கான்கிரீட் உறை போதும் என்றும், கடலோரச் சூழலுக்கு ஆளாகும் கட்டிடத்தில் 45 மி.மீ. வேண்டும் என்றும் கூறுகிறது. பரிசோதகர் சிறு சுத்தியலால் கூரைத் தளத்தின் அடிப்பகுதியையும் சன்ஷேடுகளையும் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நன்று. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பெயர்ந்திருக்கிறது என்று பொருள். கம்பியின் போக்கிலேயே நேர்க்கோடாக ஓடும் பழுப்புக் கறையும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. அதன் மேல் புதிய சாந்து பூசி மறைப்பது எளிது. ஆகவே ஓர் அறையில் மட்டும் கூரை புதிதாகப் பூசப்பட்டிருந்தால் அந்த அறையில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும்.

மழையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ.; தலைநகரில் அது குறைவு, 1,800 மி.மீ. அளவில் நிற்கிறது. ஆயினும் இடவப்பாதி மழை, துலா மழை என இருமுறை நனைவதால் சுவர் முழுதும் காய்வதற்குப் போதிய இடைவெளி கிடைப்பதில்லை. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறியிருப்பது பல வீடுகளில் காணும் காட்சி. அலமாரியோ பெரிய நாட்காட்டியோ எதை மறைக்கிறது என்பதைப் பார்க்கக் கூச்சப்படலாகாது. தட்டையான மொட்டை மாடியின் மேல் இரும்புச் சட்டம் அமைத்துத் தகடு வேய்வது கேரளத்தில் இப்போது பரவலான வழக்கம். துணி உலர்த்துவதற்காகவும் அதைப் போடுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் பல இடங்களில் அது ஒழுகும் தளத்துக்குப் பிடித்த குடை. தகட்டின் அடியில் உள்ள தளம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பரிசோதகர் ஏணி வைத்தாவது ஏறிப் பார்க்க வேண்டும்.

ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் பார்வை மரத்தின் மீது செல்லும். பலா, அயனி, தேக்கு ஆகியவற்றால் ஆன கைமரங்கள் நடுவில் நூறாண்டு நிற்கும். ஆனால் சுவருக்குள் புகுந்திருக்கும் நுனி, ஈரத்தாலும் கறையானாலும் முதலில் அழியும். அந்த நுனியை ஒரு கூரான கருவியால் குத்திப் பார்க்காமல் மரம் நன்றாயிருக்கிறது என்று எழுதும் அறிக்கை பயனற்றது. கரமனை, வலியசாலை, கோட்டைக்ககம் ஆகிய இடங்களின் அக்கிரகார வீடுகளில் இன்னொரு சிக்கல்: இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர். அண்டை வீட்டார் தம் பக்கத்தை இடித்து மாடி கட்டினால் இந்தப் பக்கம் என்னவாகும்? பரிசோதகர் அண்டை வீட்டின் நிலையையும் கேட்டறிய வேண்டியிருக்கிறது. அச்சுவரின் உரிமை பற்றிப் பத்திரம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு வேறு வகை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்து வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஆளின்றி இருந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள் இவற்றுள் பல. பார்வைக்குப் புதியவை போலிருக்கும். ஆனால் காற்றோட்டமின்றிப் பல மழைக்காலங்களைக் கழித்த மரக்கதவும், நீரோடாத குழாயும், எலி கடித்த மின்கம்பியும் வயதைக் காட்டிவிடும். இத்தகைய வீட்டில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, எல்லா விளக்குகளையும் எரியவிட்டுப் பார்ப்பது நல்லது. மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா, எர்த் இணைப்பு சரிதானா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரே சொல்ல வேண்டும்.

கிணறு கேரள வீட்டின் உயிர். குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் தூரம் இருக்க வேண்டுமென்று கேரள நகராட்சிக் கட்டிட விதிகள் கூறுகின்றன. சிறு மனைகள் நெருங்கிய நகரில், தம் மனைக்குள் இத்தூரத்தைக் காத்தவரும் அண்டை மனையின் குழியை மறந்துவிடுகிறார். வேலிக்கு அப்பாலும் அளக்க வேண்டும். கிணற்றில் கோடையின் கடைசியில் எத்தனை அடி நீர் நிற்கும் என்பதை விற்பவரிடம் கேட்பதைவிட, எதிர்வீட்டில் கேட்பது மேல்.

இந்நகரில் குடியேறி, நாலாஞ்சிறையில் தமக்கென ஒரு வீடு அமைத்துக்கொண்டு, 2007-இல் மறையும் வரை இங்கேயே பணியாற்றிய கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரின் கட்டிடங்கள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. உள்ளூரில் அவற்றில் பலவற்றைப் பூசாத செங்கல் சுவர்களாகவே காணலாம். சிக்கனம் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எனினும் வாங்குபவருக்கு அதில் இன்னொரு நன்மை உண்டு. பூசாத சுவர் எதையும் மறைப்பதில்லை. செங்கல்லின் தரமும், கொத்தனாரின் கைத்திறமும், ஈரம் ஏறிய அளவும் கண்ணுக்கு நேரே தெரியும். இவ்வளவு நேர்மையான சுவரை வாங்குவோரில் பலர் விரும்புவதில்லை என்பதும், வழவழப்பான பூச்சுக்கு அதிக விலை கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள் என்பதும் ஏக்கர்லாஃபின் கட்டுரைக்கு ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கத் தக்கது.

காகிதத்தில் உள்ள வீடு

கட்டிடம் உறுதியாக இருந்தும் வீடு நிலைக்காமற் போகலாம். கொச்சி அருகே மரடுவில் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே மாதத்தில் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. உரிமையாளருக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் பணித்தது. சுத்தியலும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இக்குறையைக் காட்டியிருக்க மாட்டா. கட்டிட அனுமதி, குடியேற்றச் சான்று, வில்லங்கச் சான்று, கைவசச் சான்று, நிலவரி ரசீது ஆகிய யாவும் பரிசோதனையின் பகுதியே.

தமிழகத்திலிருந்து வந்து இங்கே வீடு வாங்குவோர் ஒரு சொல்லில் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழில் நிலம் என்றால் எந்த நிலமும் ஆகும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டுநிலத்துக்குப் ‘புரயிடம்’ என்று பெயர். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்த ஒரு சொல் பல குடும்பங்களின் திட்டங்களை முடக்கியிருக்கிறது. பொறியியல் நோக்கிலும் இது முக்கியம். வயலை மண் கொட்டி நிரப்பிய மனையில் அஸ்திவாரம் மெல்லத் தாழும். மேலே கூறிய சாய்வு விரிசலின் காரணத்தைச் சில சமயம் வருவாய்ப் பதிவேட்டிலேயே காணலாம்.

அரசு செய்யும் பரிசோதனை

வீடு வாங்க இயலாதவர்களின் வாசலுக்கும் பரிசோதகர் வருகிறார். 1972-இல் அச்சுத மேனன் முதலமைச்சராகவும் எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சராகவும் இருந்தபோது தொடங்கிய லட்சம் வீடு திட்டத்திலிருந்து, 2016-இல் அறிவிக்கப்பட்ட லைஃப் திட்டமும் அதே ஆண்டின் பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டமும் வரை அரசின் உதவி ஏதோவொரு பரிசோதனையின் வழியே பயனாளியைச் சென்றடைந்திருக்கிறது. இன்றைய முறையில் அஸ்திவாரம், லிண்டல், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அலுவலர் வந்து பார்த்து, இடக்குறியுடன் படமெடுத்துப் பதிந்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும். பணம் வேறு வழியில் போகாமல் தடுக்க இது பயன்பட்டிருக்கிறது. ஆனால் படம், சுவர் லிண்டல் வரை எழுந்ததைச் சொல்லுமேயன்றிச் சாந்தில் சிமெண்டு எவ்வளவு என்பதைச் சொல்லாது. அலுவலர் பத்து நாள் தாமதித்தால் பயனாளி கொத்தனாரை இழக்கிறார். ஒரு மாதம் தாமதித்தால் மழை வந்துவிடுகிறது. வட்டிக்குக் கடன் வாங்கிக் கூரை போடுகிறார். பரிசோதனையின் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவர் பரிசோதிக்கப்படுபவரே.

2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பிறகு இது மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. சேதமடைந்த வீடுகளைத் தன்னார்வலர்கள் கைபேசிச் செயலியின் துணையோடு சென்று பார்த்துப் பதிவு செய்தனர். சேதம் நூற்றுக்கு 15 வரையானால் 10,000 ரூபாய். 16 முதல் 29 வரை 60,000. 30 முதல் 59 வரை 1,25,000. 60 முதல் 74 வரை 2,50,000. அதற்கு மேல் 4 லட்சம் என்று உதவி வகுக்கப்பட்டது. குறுகிய காலத்தில் அவ்வளவு வீடுகளைப் பார்த்து முடித்தது பாராட்டுக்குரியது. எனினும் 29-க்கும் 30-க்கும் இடையில் உள்ள ஒற்றை எண் உதவியை இருமடங்குக்கு மேலாக்கிவிடுகிறது. சுவர் நனைந்து நிற்கும் வீட்டில் அந்த ஒற்றை எண்ணை எந்தக் கண்ணும் துல்லியமாகக் காண இயலாது. தவிர, நீர் வடிந்து மண் இறுகும்போது அஸ்திவாரம் தாழ்வது மாதங்களுக்குப் பின்னரே தெரியும்; அப்போது படிவம் மூடப்பட்டிருக்கும். மேல்முறையீடும் மறுபரிசோதனையும் இத்தகைய பணியில் சலுகைகள் அல்ல, முறையின் உறுப்புகள். மழைக்காலம் ஒன்று கழிந்தபின் இரண்டாம் பார்வை என்பதை விதியிலேயே சேர்ப்பது பற்றிச் சிந்திக்க இடமுண்டு.

பிரிட்டனின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. அங்கே 2007-இல் விற்பவரே வீட்டைப் பற்றிய தகவல் தொகுப்பைத் தர வேண்டும் என்று சட்டமாயிற்று. வீட்டின் நிலை பற்றிய அறிக்கை அதில் கட்டாயமாக இருக்கும் என்று முதலில் கருதப்பட்டுப் பின்னர் விருப்பத்துக்கு விடப்பட்டது. முக்கியமான பகுதி போனபின் தொகுப்பு ஒரு காகிதக் கட்டாகவே கருதப்பட்டு, 2010-இல் நிறுத்தப்பட்டது.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும்?

பரிசோதகரின் அறிக்கை எழுத்தில், படங்களுடன், நாளும் வானிலையும் குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். உடனே சரிசெய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, கண்காணித்தால் போதுமானவை என்று அது பிரித்துக் கூறுமானால் விலை பேசுவதற்கு உதவும். வீட்டை வாங்கலாமா கூடாதா என்ற தீர்ப்பைப் பரிசோதகரிடம் எதிர்பார்க்கலாகாது. குறை இல்லாத வீடு இல்லை, குறைக்கு ஏற்ற விலை உண்டு. பரிசோதனையின்போது வாங்குபவர் உடனிருப்பது அவசியம். அறிக்கையில் ஒரு வரியாக வருவது நேரில் சுத்தியலின் ஒலியாகக் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. பூட்டியிருந்த அறை, பொய்க்கூரைக்கு மேலுள்ள இடம், மண்ணுக்கடியில் உள்ள குழாய், மூடி திறக்க முடியாத கழிவுத்தொட்டி எனப் பார்க்க இயலாதவற்றை அறிக்கை தனியே பட்டியலிட வேண்டும். அத்தகைய பட்டியல் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, அதையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலுடன் விற்பவரிடம் சென்று அந்த அறைகளைத் திறக்கச் சொல்வதும், முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம்.